ஏழாம் அத்தியாயம்: தோற்றது எதனால் என்று தெரிய வேண்டும்

"போனில் போட்டுக்கொள்ள நல்லதாக ஒரு கேம் சொல்லுங்களேன்" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: கடைசியாக ஆடிய கேமில் எதனால் தோற்றீர்கள்? பெரும்பாலானவர்களுக்குப் பதில் வராது. "என்னமோ தெரியல, மூவ் தீர்ந்துபோச்சு" என்பார்கள். அவர்களுக்கு எந்த மாதிரி கேமைச் சொல்ல வேண்டும் என்பது அப்போதே எனக்குப் புரிந்துவிடும்.

இந்த அத்தியாயம் சின்ன விளையாட்டுகளைப் பற்றியது. பஸ் வரும்வரை, குக்கர் நாலு விசில் அடிக்கும்வரை, டாக்டர் கூப்பிடும்வரை ஆடுகிறோமே, அவை. இருபது வருடங்களுக்கு மேலாக இவற்றை ஆடிவருகிறேன். இவற்றைத் தரம் பிரிக்க என் கையில் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான். தோற்ற உடனே, "இந்த இடத்தில்தான் தப்புப் பண்ணினேன்" என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடிந்தால் அடுத்த ஆட்டத்தில் கொஞ்சம் தேறுவோம். முடியாவிட்டால் ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் முதல் நாள் இருந்த இடத்திலேயே இருப்போம்.

மைன்ஸ்வீப்பரிலிருந்து தொடங்குகிறேன். 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் வந்தது. நம்மில் பலர் கல்லூரி லேபிலும் பிரவுசிங் சென்டரிலும் கண்ட இடத்தில் கிளிக் செய்து, குண்டு வெடித்ததும் மூடிவிட்டுப் போயிருப்போம். எண் எதற்கு என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு கட்டத்தில் இருக்கும் எண், அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று சொல்கிறது. விதி அவ்வளவுதான். அதிலிருந்து எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பாருங்கள்.

மூடிய கட்டங்கள் மதில்சுவர்போல நேராக நிற்கின்றன. அதை ஒட்டித் திறந்திருக்கும் கட்டங்களில் 1, 2, 1 என்று மூன்று எண்கள் வரிசையாக இருக்கின்றன. நடுவில் உள்ள 2-க்கு நேர் எதிரே கண்ணி இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டம் இடப்பக்க 1-ஐயும் தொடும், வலப்பக்க 1-ஐயும் தொடும். இரண்டு 1-களின் கணக்கும் அந்த ஒரே கண்ணியில் தீர்ந்துவிடும். பக்கத்தில் வேறு கண்ணிக்கு இடமில்லை. அப்படியானால் 2-க்கு வேண்டிய இன்னொரு கண்ணி எங்கிருந்து வரும்? வராது. ஆகவே நடுவில் கண்ணி இல்லை, அதைத் தைரியமாகத் திறக்கலாம். கண்ணிகள் இரண்டும் அந்த 1-களுக்கு நேர் எதிரே இருக்கின்றன. 1, 2, 2, 1 என்று வந்தால் கதை மாறும். அங்கே கண்ணிகள் 2-களுக்கு எதிரே இருக்கும். ஏன் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நான் இங்கே எழுதிவிட்டால் அந்தச் சந்தோஷம் உங்களுக்குக் கிடைக்காது.

இந்த இரண்டு அமைப்புகளும் கண்ணில் பட ஆரம்பித்தால், 16-க்கு 16 கட்டத்தில் 40 கண்ணிகள் உள்ள நடு நிலையை ஒரு மாதத்தில் எட்டிவிடலாம். அதற்கு மேலே 480 கட்டங்கள், 99 கண்ணிகள். அங்கே ஒரு குறை உண்டு. எல்லாம் முடிந்து கடைசி மூலையில் இரண்டே கட்டங்கள் மிஞ்சும். எதில் கண்ணி என்று சொல்ல எந்த எண்ணும் உதவாது. பூவா தலையா போட வேண்டியதுதான். அரை மணி நேரம் யோசித்து ஆடியவரை நாணயம் சுண்டச் சொல்வது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இதைச் சரிசெய்தவர்கள் இருக்கிறார்கள். புட்டி என்ற மென்பொருளை எழுதிய பிரிட்டிஷ் நிரலர் சைமன் டாத்தம் ஒரு புதிர்த் தொகுப்பு வைத்திருக்கிறார். அதில் உள்ள 'மைன்ஸ்' ஆட்டத்தில், ஊகமே செய்யாமல் தீர்க்கக்கூடிய பலகைகள்தான் வரும். மேத்யூ பிரவுன் 2014-இல் வெளியிட்ட 'ஹெக்ஸ்செல்ஸ்' அறுகோணக் கட்டங்களில் இதையே செய்கிறது. அவரே கையால் அமைத்த புதிர்கள் அவை. எங்கும் ஊகத்துக்கு வேலையில்லை. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அதைக் காசு கொடுத்தே வாங்கலாம்.

டாத்தமின் தொகுப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் புத்தகத்தில் நான் யோசிக்காமல் பரிந்துரைப்பது அது ஒன்றைத்தான். நாற்பதுக்கு அருகில் புதிர் வகைகள். முழுவதும் இலவசம். விளம்பரம் கிடையாது, நெட் வேண்டாம், பெயர் கேட்காது, மெயில் கேட்காது. விண்டோஸிலும் ஓடும், ஆண்ட்ராய்டிலும் ஓடும். பார்க்க அழகாக இருக்காது. சாம்பல் நிறப் பின்னணி, கோடுகள், எண்கள், அவ்வளவே. முதல் நாளில் 'அன்டாங்கிள்' ஆடுங்கள். நூல் சிக்கிக்கொண்டதுபோலக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். புள்ளிகளை இழுத்து இழுத்து, எந்தக் கோடும் எதையும் வெட்டாதபடி பிரிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ஆடலாம். ஒரு தடவை மதுரையிலிருந்து சென்னை வரும் பகல் ரயிலில் இதை ஆடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த வயதான அம்மா ரொம்ப நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஓரத்துப் புள்ளியை வெளிய இழு கண்ணு, எல்லாம் கழண்டுரும்" என்றார். இழுத்தேன், கழண்டது. விழுப்புரம் வரை போன் அவர் கையில்தான் இருந்தது.

2048-க்கு வருவோம். இத்தாலியரான கேப்ரியேலே சிருல்லி, தன் 19-ஆவது வயதில், 2014 மார்ச்சில் ஒரு வார இறுதியில் எழுதிய விளையாட்டு. நாலுக்கு நாலு கட்டம்; ஒரே எண்கள் மோதினால் ஒன்றாகி இரட்டிப்பாகும். இதற்கு ஒரு மாதம் முன்பு வந்த 'த்ரீஸ்' என்ற விளையாட்டின் வழியில் வந்தது இது. த்ரீஸைச் செய்தவர்கள் அதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் உழைத்திருந்தார்கள். இரண்டையும் ஆடிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், த்ரீஸ்தான் உசத்தி. அடுத்து வரும் காயை முன்கூட்டியே கோடிகாட்டும். நகர்த்தும் முன் விரலை விடாமல் இழுத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பின்வாங்கலாம். 2048-இல் அந்த அவகாசம் இல்லை.

ஆனால் 2048 இலவசம், எல்லோர் போனிலும் இருக்கிறது, ஆகவே ஒழுங்காக ஆடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்துங்கள். இடது கீழ் மூலை என்று வைத்துக்கொள்வோம். இடது, கீழ் இரண்டு பக்கமும் தாராளமாகத் தள்ளலாம். கீழ் வரிசை நாலும் நிரம்பி, அடுத்தடுத்து ஒரே எண்கள் இல்லாதபோது மட்டும் வலது. மேலே தள்ளவே கூடாது. மேலே தள்ளினால் மூலை காலியாகும். அந்த நொடியில் புதிதாக வரும் 2 அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு உங்கள் 512 இரண்டாவது வரிசையில் அநாதையாக நிற்கும். தோற்ற ஆட்டங்களைத் திரும்பிப் பாருங்கள், பத்தில் எட்டு இந்த இடத்தில்தான் உடைந்திருக்கும். வேறு வழியே இல்லாமல் மேலே தள்ள நேர்ந்தால், அடுத்த நகர்வு உடனே கீழே. புதிய காய் பத்துக்கு ஒன்பது தடவை 2, ஒரு தடவை 4 என்பதால், 2048-ஐத் தொடுவதற்கு 900-க்கும் மேற்பட்ட நகர்வுகள் ஆகும். குக்கர் விசிலுக்குள் முடியாது. ஆனால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு, மாலையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

டெட்ரிஸை எல்லோருக்கும் தெரியும். 1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. நாலு சதுரங்களை ஒட்டி எத்தனை வடிவம் செய்யலாமோ அத்தனையும், அதாவது ஏழு வடிவங்கள், மேலிருந்து விழும். பழைய டெட்ரிஸ்களில் நீளக் குச்சி எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. அது வராமலே செத்த ஆட்டங்கள் எத்தனையோ. இன்று உரிமத்தோடு வரும் டெட்ரிஸ்களில் பெரும்பாலும் வேறு முறை: ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு, பை காலியானதும் அடுத்த பை. இதனால் ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் இடையே அதிகபட்சம் 12 காய்கள்தான். இது சின்ன மாற்றம்போலத் தோன்றும். எனக்கோ இது இந்த அத்தியாயத்தின் உயிர்நாடி. "குச்சி வரல, அதான் தோத்தேன்" என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. குச்சி வந்தது, பள்ளத்தை மூடியது நாம்தான்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் மூன்றைச் சேர்த்து வெடிக்கும் மிட்டாய் வகை. 2001-இல் 'பிஜூவல்ட்' பிரபலமாக்கியது, 2012-இல் வந்த 'கேண்டி கிரஷ் சாகா' ஊருக்கெல்லாம் கொண்டுபோனது. நிறம், சத்தம், விரலுக்குக் கிடைக்கும் சுகம் இவற்றில் அதை மிஞ்ச ஆளில்லை. இதை மனசாரச் சொல்கிறேன். நாளெல்லாம் அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு அது தரும் ஆறுதல் நிஜமானது. ஆனால் மேலிருந்து எந்த மிட்டாய் விழும் என்பது நம் கையில் இல்லை. கடைசி நகர்வில் ஒரு ஜெல்லி மிஞ்சினால், அது நம் தவறா, விழுந்த மிட்டாயின் தவறா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சரியாக அந்த நேரத்தில்தான் இன்னும் 5 நகர்வு வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்கும். லைஃப் 5, ஒன்று திரும்பி வர 30 நிமிடம். ஆடுவதென்றால் இப்படி ஆடுங்கள்: இருக்கும் 5 லைஃப் தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். காசு கொடுத்து ஒரு லெவலைக்கூடத் தாண்டாதீர்கள். அந்த 30 நிமிடக் காத்திருப்பை உங்களுக்கு வைத்த மணியாக எடுத்துக்கொண்டால், அதைவிட நல்ல கட்டுப்பாடு வேறு கிடையாது.

எங்கள் அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஃப்ரீசெல்தான் எல்லாம். சாதாரண சாலிட்டேரில் பாதிச் சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும். ஜெயிக்கவே முடியாத ஆட்டம் வந்தாலும் நமக்குத் தெரியாது. ஃப்ரீசெல்லில் 52 சீட்டும் முகம் காட்டி எட்டு வரிசையில் கிடக்கின்றன. மறைவு என்று ஒன்றுமில்லை. விண்டோஸ் 95-இல் வந்த ஃப்ரீசெல்லில் ஆட்டங்களுக்கு 1 முதல் 32,000 வரை எண் உண்டு. அத்தை ஒன்றிலிருந்து வரிசையாக ஆடுகிறார். கோடு போட்ட நோட்டில் எண்ணை எழுதி, ஜெயித்தால் டிக், மாட்டிக்கொண்டால் பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளி வைத்தவற்றை ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுப்பார். அந்த 32,000-இல் 11982 என்ற ஒரே ஆட்டத்தைத்தான் தீர்க்க முடியாது என்று நான் சொன்னபோது, நோட்டைப் புரட்டிக்கொண்டே, "வரட்டும்ப்பா, அதையும் போட்டுப் பாத்துட்டுத்தான் நம்புவேன்" என்றார்.

அத்தையிடம் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். முதல் சீட்டைத் தொடும் முன் நாலு ஏஸும் நாலு இரண்டும் எங்கே புதைந்திருக்கின்றன என்று பாருங்கள். ஆளுக்கொரு சீட்டாக ஒதுக்கிவைக்க உள்ள காலி அறைகள் நாலையும் அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். ஒரு காலி வரிசை, ஒரு காலி அறையைவிட மதிப்பானது. நாலு அறையும் காலியாக இருந்தால் ஒரே மூச்சில் 5 சீட்டு நகர்த்தலாம். கூடவே ஒரு வரிசையும் காலியாக இருந்தால் அது 10 ஆகிவிடும். ஆகவே எந்த வரிசையைச் சீக்கிரம் காலி செய்யலாம் என்று பார்த்துத்தான் ஆட்டத்தையே ஆரம்பிக்க வேண்டும்.

அதிர்ஷ்டமே கலக்காத விளையாட்டு வேண்டும் என்பவர்களுக்கு 'சோகோபான்'. ஜப்பானில் ஹிரோயுகி இமாபயாஷி உருவாக்கி, 1982-இல் வெளிவந்தது. கிடங்கில் பெட்டிகளைத் தள்ளி, குறித்த இடத்தில் வைக்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. மூலையில் தள்ளிய பெட்டி அங்கேயே கிடக்கும். சுவரோடு ஒட்டிய பெட்டி அந்தச் சுவரை விட்டு விலகாது. இந்த இரண்டையும் மனதில் வைத்து, எந்தெந்தக் கட்டத்துக்குப் பெட்டி போகவே கூடாது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதன் வாரிசுகளில் நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது, ஃபின்லாந்துக்காரரான ஆர்வி டெய்காரி 2019-இல் வெளியிட்ட 'பாபா இஸ் யூ'. இதில் விதிகளே தள்ளக்கூடிய பெட்டிகளாகப் பலகையில் கிடக்கின்றன. 'வால்', 'இஸ்', 'ஸ்டாப்' என்று மூன்று சொற்கள் வரிசையாக இருக்கும்வரை சுவர் தடுக்கும். நடுச் சொல்லை ஒரு கட்டம் தள்ளிவிட்டால் வாக்கியம் உடைந்து, சுவர் வெறும் படமாகிவிடும். அதன் ஊடாக நடந்து போகலாம். முதல் தடவை இதைச் செய்தபோது எழுந்து நின்றுவிட்டேன். 200-க்கும் மேற்பட்ட லெவல்கள், பல மிகக் கடினம். எத்தனை நகர்வு வேண்டுமானாலும் பின்னால் போகலாம், தண்டனை எதுவும் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: விடையை யூடியூபில் தேடாதீர்கள். மாட்டிக்கொண்டால் மூடிவைத்துவிட்டுத் துணி காயப்போடுங்கள், கடைக்குப் போய் வாருங்கள். விடை நடு ரோட்டில் வந்து நிற்கும்.

'வேர்டில்' பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஜோஷ் வார்டில் தன் துணைவிக்காகச் செய்தது. 2021 அக்டோபரில் பொதுவெளிக்கு வந்தது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல், ஆறு வாய்ப்பு, நாளைக்கு ஒன்றே ஒன்று. அந்த 'ஒன்றே ஒன்று'க்காகவே எனக்குப் பிடிக்கும். மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். கடைசி நாலு எழுத்தும் சரி என்று பச்சையாகி, முதல் எழுத்து மட்டும் தெரியாமல் நிற்கும்: லைட், நைட், ஃபைட், மைட், ரைட், சைட், டைட். ஒவ்வொன்றாகப் போட்டால் ஆறு வாய்ப்பும் போய்விடும். பச்சையை மறந்துவிட்டு 'ஃப்ளேம்' என்று போடுங்கள். எஃப், எல், எம் மூன்றும் ஒரே வீச்சில் சோதிக்கப்பட்டுவிடும். கடின நிலையை நீங்களாக இயக்கியிருந்தால் மட்டும் இது செல்லாது.

தோல்வி என்பதே இல்லாத வகையும் ஒன்று உண்டு. 'மான்யுமென்ட் வேலி' 2014-இல் வந்தது, பத்துப் பகுதிகள், கண்கொள்ளாக் காட்சி, புதிராகப் பார்த்தால் எளிது. ஒரு மாலையில் முடிந்துவிடும். 'அன்பேக்கிங்' வேறு ரகம். ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்டு 2021-இல் வந்தது. 1997 முதல் 2018 வரை ஒரு பெண் எட்டுத் தடவை வீடு மாறுகிறாள். நாம் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை அடுக்குகிறோம். அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. நடுவில் ஒரு காதலனின் வீட்டுக்குப் போகிறாள். அவன் சாமான்கள் ஏற்கனவே எல்லா இடத்தையும் பிடித்திருக்கின்றன. அவளுடைய பட்டச் சான்றிதழைச் சட்டத்தோடு கையில் வைத்துக்கொண்டு சுவர் சுவராக முயன்று பார்க்கிறோம், எங்கும் இடமில்லை. கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டியிருக்கிறது. ஒரு சொல் பேசாமல் அந்த உறவைப் பற்றி அத்தனையும் தெரிந்துவிடுகிறது. கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன என் தோழிகள் சிலருக்கு இதைக் கொடுத்தேன். அந்த இடத்தில் எல்லோரும் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டார்கள்.

இனி இன்ஸ்டால் செய்யும் முன் பார்க்க வேண்டியவை. விளம்பரத்தில் காட்டிய கேம் ஒன்று, உள்ளே இருந்தது வேறு என்று நானே ஏமாந்திருக்கிறேன். நட்டு போல்ட்டை நிறம் பிரிக்கும் புதிர் என்று நினைத்து இறக்கினேன். மூன்று லெவலுக்குப் பிறகு, ஒவ்வொரு லெவல் முடிவிலும் அரை நிமிட விளம்பரம். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பிளே ஸ்டோரில் பெயருக்குக் கீழே விளம்பரம் உண்டு, ஆப்புக்குள் வாங்குதல் உண்டு என்று சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டு குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் இறக்குவேன். இறக்கியதும் ஃப்ளைட் மோடில் போட்டு ஒரு தடவை திறப்பேன். கட்டம் நகர்த்தும் விளையாட்டுக்கு நெட் இல்லாமல் ஓட முடியாது என்றால், அதற்கு வேறு வேலை இருக்கிறது என்று பொருள். கான்டாக்ட், லொகேஷன் அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். நோட்டிஃபிகேஷனை முதல் நாளே அணைத்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் போகும் போன் என்றால், ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி பிளே ஸ்டோரில் மாற்றிவையுங்கள். கம்ப்யூட்டரில் ஸ்டீம் வழியே வாங்குபவர்கள், வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஹெக்ஸ்செல்ஸோ பாபாவோ உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க அந்த 2 மணி நேரம் தாராளம்.

எதில் தொடங்குவது என்று இன்னும் குழப்பமாக இருந்தால்: காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்கள் டாத்தமின் தொகுப்பு, சீட்டு பிடிக்கும் என்றால் ஃப்ரீசெல், ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம்தான் என்றால் வேர்டில், லீவு நாள் முழுவதும் கையில் இருந்தால் பாபா. ஒரே சமயத்தில் இரண்டுக்கு மேல் போனில் வைக்க வேண்டாம். ஆடும்போது பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். 1, 2, 2, 1 கணக்கை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை அல்லவா?